நாலு மணிக்காரம்மா

ஜன்னல் சீட்டுல நீங்களே உக்காந்துக்கிருங்க சார், எனக்குக் காத்து ஒத்துக்காது. ராஜபாளையம் வரைக்குமா? ஓ, ஸ்ரீவில்லிபுத்தூர்லயே இறங்கிருவீங்களா. நாங்க ராஜபாளையம். நாங்கன்னா நானும் என் வீட்டுக்காரியும். அந்தா, முன்னாடி மூணு சீட்டு தள்ளி, பச்சைச் சேலை. இந்திராணின்னு பேரு. மதுரையில ஏறும்போது ஒரே தள்ளுமுள்ளு. பொம்பளைங்க பக்கம் அவளுக்கு ஒரு இடம் கிடைச்சுச்சு, எனக்கு உங்க பக்கத்துல கிடைச்சுச்சு. நாளைக்கு அவ தங்கச்சி ருக்குவோட தலைத் திவசம். போன ஆடியில போயிட்டா, பாவம். நெஞ்சு வலின்னு உக்காந்தவ எந்திரிக்கல.

நான் கரண்டு ஆபீஸ்ல புகார் பிரிவுல இருந்தேன் சார். போன் எடுக்கிற வேலை. கரண்டு போச்சுன்னா ஊரே என்னைத்தான் திட்டும். லைன்மேனைத் திட்டாது, இன்ஜினியரைத் திட்டாது, என்னைத்தான். கேக்க முடியாத வார்த்தையெல்லாம் கேட்டிருக்கேன். காதுல வாங்கிக்கிட்டே டீ குடிப்பேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "இப்ப வந்துரும்மா, சரியாயிரும்"னு சொல்லுவேன். வருமா வராதான்னு எனக்கே தெரியாது. ஆனா அந்தக் குரல்ல சொன்னா ஜனங்க அடங்கிரும். என் மேலதிகாரி ஒருத்தர் சொல்லுவாரு, சௌந்திரபாண்டி குரலைக் கேட்டா இருட்டே தெரியாதுப்பான்னு.

அதனாலதான் ரிட்டயர் ஆனதும் இந்த வேலைக்குக் கூப்பிட்டாங்க. சம்பளம் கிடையாது, தொண்டு. தற்கொலைத் தடுப்பு உதவி மையம். மனசு ஒடிஞ்சவங்க போன் பண்ணுவாங்க, நாம எடுத்துப் பேசணும். பேசணும்னா பேசக் கூடாது, கேக்கணும். அதுக்குன்னு பயிற்சியே குடுத்தாங்க சார். டெய்சி மேடம்னு, அவங்கதான் அங்க எல்லாம். ரெண்டு நாற்காலிய முதுகோட முதுகா போட்டு உக்கார வைப்பாங்க. மூஞ்சி தெரியக் கூடாது. பின்னாடி இருக்கிறவங்க பேசுவாங்க, நாம வெறும் "ம்" மட்டும் சொல்லணும். மத்தவங்க திணறுனாங்க. எனக்கு அது தண்ணி பட்ட பாடு.

நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க. இருங்க, இதை முடிச்சுக்கிறேன்.

அங்க சில கட்டுப்பாடு உண்டு. சொந்தப் பேர் சொல்லக் கூடாது. எனக்கு மாதவன்னு பேர் குடுத்தாங்க. யார் கூப்பிடுறாங்கன்னு நம்பர் எங்களுக்குத் தெரியாது, மறைச்சு வச்சிருப்பாங்க. புத்தி சொல்லக் கூடாது. "எல்லாம் சரியாயிரும்"னு சொல்லவே கூடாது. அதுதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு, முப்பது வருசப் பழக்கம்ல. அப்புறம் ஒரு கேள்வி இருக்கு. செத்துப்போகணும்னு தோணுதான்னு நேருக்கு நேரா கேட்டுரணும். அப்படிக் கேட்டா இல்லாத எண்ணம் வந்துரும்னு ஜனங்க நினைக்கிறாங்க. வராது சார். அப்படி ஒருத்தர் கேட்டாத்தான் அவங்களுக்கு மூச்சே விட முடியும். தெரிஞ்ச குரலா இருந்தா பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட போனைக் குடுத்துரணும். கடைசியா ஒண்ணு, எல்லாத்துக்கும் மேல. நாம முதல்ல போனை வைக்கக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. அவங்க வச்சப்புறம்தான் நாம வைக்கணும்.

மூணு வருசம் சார். ஒரு தடவைகூட நான் முதல்ல வச்சதில்ல. அதை நீங்க மனசுல வச்சுக்கிரணும்.

வீட்டுல ப்ரிட்ஜ் மேல அந்த மையத்தோட நம்பரை ஒட்டி வச்சிருந்தேன். வர்றவங்க போறவங்க பாத்துட்டு "என்ன சார் இது"ன்னு கேப்பாங்க, நான் சொல்லுவேன். இந்திராணி காப்பி குடுத்துட்டு உள்ள போயிருவா. அவ சுபாவமே அப்படி. அதிகம் பேச மாட்டா. பேசுற ஆளுன்னா அது ருக்குகிட்ட மட்டும்தான். தினம் மத்தியானம் நான் கேரம் ஆட மன்றத்துக்குக் கிளம்பினதும் அக்காவும் தங்கச்சியும் போன்ல உக்காந்துருவாங்க. நாலு மணிக்கு நான் காப்பிக்கு வரணும், அப்பத்தான் வைப்பாங்க. என்னதான் பேசுவாங்களோ. ரெண்டு பேருக்கும் தெரியாத கதையா? ஆனா சிரிப்பாணி மட்டும் தெருமுனை வரைக்கும் கேக்கும்.

ருக்கு போனப்புறம் இவ ஒரு காரியம் பண்ணுனா சார். செத்தவ நம்பருக்குப் போன் போடுறது. அந்த மத்தியான நேரத்துக்கு. அணைச்சு வச்ச போனு, அது பாட்டுக்கு "தொடர்பு கொள்ள இயலவில்லை"ன்னு சொல்லும், இவ காதுல வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. ஒருநாள் சீக்கிரம் வந்தப்ப நானே பாத்தேன். இப்படியே விட்டா ஆளு என்ன ஆகுறதுன்னு, அவ குளிக்கப் போன நேரத்துல அந்த நம்பரை அழிச்சுட்டேன். அவளுக்கு எந்த நம்பரும் மனப்பாடம் கிடையாது. நல்லதுக்குத்தான் பண்ணுனேன். அவளும் ஒண்ணும் கேக்கல. "சரியாயிரும் இந்திராணி"ன்னு சொன்னேன். தலைய ஆட்டுனா.

வீட்டுல அந்தக் கட்டுப்பாடு இல்லைல்ல சார். வீட்டுல சொல்லலாம்ல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எனக்கு எப்பவும் காலை டூட்டி. மத்தியானம் கோமளான்னு ஒரு பொண்ணு, தையல் கடை வச்சிருக்கு, தங்கமான பொண்ணு. அது ஒருநாள் சொல்லுச்சு, "சார், ஒரு அம்மா மத்தியானம் மத்தியானம் கூப்பிடுறாங்க. வாயே திறக்கிறதில்ல. மூச்சு மட்டும் கேக்குது. நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வச்சுருவாங்க. பின்னாடி ஒரு குருவி கத்தும், உடனே வச்சுருவாங்க"ன்னு. பொம்பளைன்னு எப்படித் தெரியும்னு கேட்டேன். வளையல் சத்தம் கேக்கும்னுச்சு. அங்க எல்லாரும் அந்த அம்மாவுக்கு நாலு மணிக்காரம்மான்னே பேர் வச்சுட்டாங்க. கிண்டலுக்கு இல்ல, அக்கறையாத்தான்.

மாசக்கணக்கா இது நடக்குது. ஒரு வார்த்தை வரல. நான்தான் சொன்னேன், "குருவி கத்துதுன்னா மரம் மட்டை இருக்கிற வீடு, கிராமத்து அம்மாவா இருக்கும், கூச்சம். என்கிட்ட குடு கோமளா, ஒரே நாள்ல பேச வைக்கிறேன்." இந்த வாய் இருக்கே. டெய்சி மேடம்கூடச் சொன்னாங்க, "பேச வைக்கிறது நம்ம வேலை இல்ல சார், கூட இருக்கிறதுதான்"னு. நான் சிரிச்சுக்கிட்டேன். போன மாசம் ஒரு புதன்கிழமை கோமளா பக்கத்துல போய் உக்காந்து, அதோட போனை நான் வாங்கிக்கிட்டேன். வீட்டுல "இன்னைக்கு லேட்டாகும், காப்பி வேணாம்"னு மட்டும் சொல்லிட்டு வந்திருந்தேன். எங்க போறேன்னு நானும் சொல்லல, அவளும் கேக்கல.

மணி அடிச்சுச்சு. எடுத்தேன். "வணக்கம், மாதவன் பேசுறேன். நீங்க சொல்றதைக் கேக்கத்தான் இருக்கேன்." அந்தப் பக்கம் சட்டுன்னு ஒரு மூச்சு. அப்புறம் சத்தமே இல்ல. கோமளா என்னைப் பாத்துத் தலைய ஆட்டுச்சு, அதே அம்மாதான்னு.

நான் அவசரப்படல சார். என் தொழில் அது. "நீங்க பேசலைன்னாலும் பரவாயில்லம்மா. நான் இங்கேயேதான் இருக்கேன்"னேன். விட்டு விட்டுப் பேசுனேன். "தனியா எவ்வளவோ தூக்கிக்கிட்டு இருக்கீங்க போல. ஒருத்தர்கிட்டயும் இறக்கி வைக்க முடியலன்னா எவ்வளவு கனமா இருக்கும்"னு சொன்னேன். "உங்களுக்கு நேரம் இருக்கு. எனக்கும் நேரம் இருக்கு. வேற வேலையே இல்ல எனக்கு, நீங்க சொல்றதைக் கேக்கிறதைத் தவிர"ன்னேன். என் குரல் எனக்கே புதுசா இருந்துச்சு. கோமளா கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுற சத்தம். அழுகுறாங்க, நல்லதுதான், வாய் திறக்கப் போறாங்கன்னு நினைச்சேன். ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன் சார். அதை எதுக்கு மறைக்கணும்.

அப்பத்தான் குருவி கத்துச்சு.

நாலு தடவை. விட்டு விட்டு, நாலாவது மட்டும் கொஞ்சம் கீச்சுன்னு இழுக்கும். பேட்டரி குறைஞ்சா அப்படி இழுக்கும். எனக்குத் தெரியாதா? ரிட்டயர்மெண்டுக்கு ஆபீஸ்ல குடுத்த, மணிக்கு மணி குருவி கத்துற சுவர்க் கடிகாரம் சார் அது. எங்க வீட்டு ஹால்ல தொங்குது. நான்தான் பத்து நிமிஷம் முன்னாடி வச்சிருக்கேன், எதுக்கும் லேட்டாகக் கூடாதுன்னு. நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அது நாலு அடிக்கும். அது கத்துனதும் இந்திராணி எந்திரிச்சு எனக்குப் பால் வைப்பா.

அன்னைக்கு அவ எந்திரிக்கல. போனை வைக்கல. அவளுக்கு முதல் வார்த்தையிலேயே என் குரல் தெரிஞ்சிருக்கும்ல? முப்பத்தஞ்சு வருசக் குரல். தெரிஞ்சுக்கிட்டேதான் அவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. நான் பாதியில பேச்சை நிறுத்திட்டேன். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்கும் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் மெதுவா ஒரு சத்தம். "ஏங்க..."

அவ்வளவுதான். மாசக்கணக்கா அங்க எல்லாரும் காத்துக்கிட்டிருந்த முதல் வார்த்தை.

நான் போனை வச்சுட்டேன்.

ஆமா சார், நான்தான் வச்சேன். அவ வைக்கல. கை தன்னால போயிருச்சு. பக்கத்துலயே கோமளா இருந்துச்சு, தெரிஞ்ச குரல்னா குடுத்துரணும், ஒரு கை நீட்டுற தூரம்தான். குடுத்திருக்கலாம். குடுத்தா கோமளாவுக்குத் தெரிஞ்சிரும்ல? மாதவன் சாரோட பொண்டாட்டியே நம்மகிட்ட கூப்பிடுறான்னு மையம் பூரா தெரிஞ்சிரும்ல? "என்ன ஆச்சு சார்"னு கேட்டுச்சு. "லைன் கட்டாயிருச்சும்மா, திரும்ப வரும்"னேன். கரண்டு ஆபீஸ் புத்தி. வாயில அதுதான் வந்துச்சு.

அன்னைக்கு மெதுவாத்தான் வீட்டுக்குப் போனேன். வேணாம்னு சொல்லியும் காப்பி போட்டுக் குடுத்தா. சர்க்கரை சரியா இருந்துச்சு. "மோட்டார் போடணும்"னா. போட்டேன். ராத்திரி தோசை. மறுநாள் பாத்தா கடிகாரம் ஓடல. பேட்டரி போச்சுன்னு ஸ்டூல் போட்டு ஏறுனா, பேட்டரிய யாரோ கழட்டி, கடிகாரத்துக்கு மேலயே வச்சிருக்காங்க. யாரோ என்ன யாரோ. வீட்டுல ரெண்டு பேர்தானே. எதுக்குக் கழட்டுனான்னு இன்னும் எனக்குப் பிடிபடல.

அதுக்கப்புறம் நாலு மணிக்காரம்மா மையத்துக்குக் கூப்பிடவே இல்ல. கோமளா தினம் கேக்குது, "அந்தம்மாவுக்கு என்ன ஆச்சோ சார், உசுரோட இருக்காங்களோ இல்லையோ"ன்னு. மீனாட்சிக்கு வேண்டிக்கிட்டு இருக்காம். இருக்காங்கம்மா, நல்லா இருக்காங்க, காலையில எனக்கு இட்லி வச்சாங்கன்னு நான் எப்படிச் சொல்றது? அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாக்க முடியல. போன வாரத்துல இருந்து உடம்பு சரியில்லன்னு நான் டூட்டிக்கே போறதில்ல.

எனக்கும் மனசாட்சி இருக்குல்ல சார். தூக்கம் வரல. அவளுக்கு என்ன குறைன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். சொந்த வீடு. பென்ஷன் வருது. பையன் ஓசூர்ல நல்லா இருக்கான். நான் குடிக்க மாட்டேன், கை நீட்ட மாட்டேன். முகம் தெரியாத கோமளாகிட்ட போய் மூச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருக்காளே, வீட்டுல ஒரு ஆள் இதே தொழிலா இருக்கேனே, என்கிட்ட சொன்னா என்னவாம்? ஊருக்கே கேக்குற காது சார் இது. அதுல எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

என்ன கேட்டீங்க?

இல்ல, சத்தமாச் சொல்லுங்க, டிரைவர் ஹாரன் அடிக்கிறாரு. நம்பரை அழிச்சது எப்பவா? ருக்கு ஆடியில செத்தா. நான் அழிச்சது ஆவணி. ஆமா, விநாயகர் சதுர்த்தி கழிச்சு. இந்தப் பேசாத போன் ஆரம்பிச்சது... கோமளா சொல்லும்போது கொலு நடந்துக்கிட்டு இருந்துச்சு. சுண்டல் குடுத்துக்கிட்டேதான் சொல்லுச்சு. ஒரு பத்து நாளா கூப்பிடுறாங்க சார்னு...

தண்ணி வச்சிருக்கீங்களா சார்? ஒரு வாய் குடுங்க.

நான் அழிச்சேன். அவளுக்கு அந்த நேரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் இல்லாமப் போச்சு. வீட்டுல கண்ணுக்குத் தெரிஞ்ச நம்பர் ப்ரிட்ஜ்ல நான் ஒட்டுனது ஒண்ணுதான். "இயலவில்லை"ன்னு சொல்ற மிஷினுக்குப் பதிலா ஒரு மனுஷக் குரல். அதுவும் போச்சு. அதையும் நான்தான் வச்சுட்டேன். ரெண்டு தடவை வச்சிருக்கேன் சார் நான். பேட்டரியக் கழட்டி வச்சது எதுக்குன்னு இப்பத் தெரியுது. இனி நான் கூப்பிட மாட்டேன், உங்க மானம் போகாதுன்னு எனக்குச் சொல்லியிருக்கா. என்கிட்ட வாயால சொல்ல முடியாதுல்ல, அதான் பேட்டரியால சொல்லியிருக்கா.

ஏன் சார் நான் அந்தக் கேள்வியக் கேக்கல? ஊர் பேர் தெரியாத எத்தனை பேர்கிட்ட கேட்டிருக்கேன். ஒரு மாசமா ஒரே வீட்டுல, ஒரே ரசத்தை ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டு... ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம் சார். மத்தவங்க ஆமான்னு சொன்னா எனக்குப் பயமில்ல.

தெரியும் சார், அவ பக்கத்து சீட்டு கல்லுப்பட்டியிலேயே காலியாயிருச்சு. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பைய வச்சிருக்கா அதுல. போய் உக்காந்து, அவ மூஞ்சியைப் பாத்து எப்படிக் கேக்குறது? எனக்கு மூஞ்சியப் பாத்துக் கேட்டுப் பழக்கமில்ல சார். முதுகைக் காட்டித்தான் கத்துக்குடுத்தாங்க.

மணி என்ன உங்க வாட்ச்ல? நாலு ஆகப் போகுதா.

இருங்க. போன் எங்க வச்சேன்... ஒரு நிமிஷம் சார், தப்பா நினைக்காதீங்க. இவ்வளவு நேரம் உங்களைப் பேசவே விடல நான். இப்பவும் நீங்க பேசாம இருந்தா போதும்.

ரிங் போகுது. அந்தா, பைக்குள்ள தேடுறா. பாக்குறா. யாருன்னு பாக்குறா. எடுக்க மாட்டா சார்... எடுத்துட்டா.

இந்திராணி. நான்தான். திரும்பாத, அப்படியே இரு. மாதவன் இல்ல. நான்தான், சௌந்திரபாண்டி, பின்னாடிதான் உக்காந்திருக்கேன். அன்னைக்கு நான் வச்சுட்டேன். லைன் கட்டாகல. நான்தான் வச்சேன். இந்தா, இப்ப வைக்க மாட்டேன். ஒண்ணு கேக்கணும் உன்கிட்ட. ஒரு மாசமா கேக்கணும். செத்துப்போயிரலாம்னு தோணுதா இந்திராணி உனக்கு?

...

பேசலைன்னாலும் பரவாயில்ல. இங்கேயேதான் இருக்கேன்.

...

ம்.

ம்... சில நாளு தோணுதா. ம்.

இல்ல, சரியாயிரும்னு சொல்லல. சொல்ல மாட்டேன். சொல்லு.

ம்... ஆமா. நான்தான் அழிச்சேன். உன்னைக் கேக்காம அழிச்சேன். ராஜபாளையம் போனதும் ருக்கு மக டைரியில அந்த நம்பர்... இல்ல, இல்ல, நான் பேசல. நீ சொல்லு. டெய்சி மேடம்கிட்ட, கோமளாகிட்ட, நீ யார்கிட்ட பேசணும்னாலும் நானே கூட்டிக்கிட்டுப் போறேன். வெளியில உக்காந்திருக்கேன். ம்... முதல்ல என்கிட்டயா? சரி. சரிம்மா. ம்.

சார்... அந்தப் பையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா, பாத்தீங்களா?

நான் எந்திரிக்கிறேன் சார், அவ பக்கத்துல போய் உக்காருறேன். இல்ல சார், போனை வைக்கல. காதுல வச்சுக்கிட்டேதான் போறேன்.